இந்துப்பு மலையின் ஆதித் திரைலோபைற்றுகள்



இந்துப்பு என்னும் மருந்துச் சரக்கைத் தமிழ்மக்கள் நன்கு அறிவர். வைத்தியர் கூறும் சூரணங்கள் பலவற்றில் அது சேர்கின்றது. நாட்டு மருந்துக் கடைகளில் இளஞ்சிவப்புக் கட்டிகளாகக் கிடைக்கின்றது. சிந்து நாட்டு உப்பு என்பதே அப்பெயரின் பொருள். இன்று பாக்கிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாப் மாகாணத்திலே, சிந்து நதிக்கும் ஜீலம் நதிக்கும் இடையில் நீண்டு கிடக்கும் உப்பு மலைத்தொடரில், கேவ்ரா முதலிய இடங்களில் அது வெட்டியெடுக்கப்படுகின்றது. அம்மலையில் உப்புப் படிவுக்கு மேலே அடுக்கடுக்காய்க் கிடக்கும் பாறைகளுள் சிறியதொரு கடல் விலங்கின் ஓடுகள் புதைந்துள்ளன. உலகெங்கும் பரந்து வாழ்ந்து மறைந்துபோன ஒரு பெருங் கூட்டத்துக்கு அவ்விலங்கே பெயர் தந்தது. அதன் உடலமைப்பு யாது, அறிஞர் அதனை எவ்வாறு வகைப்படுத்தினர், அவ்வகைப்பாட்டினால் நாம் அறிந்துகொண்டவை யாவை என்பனவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

அவ்விலங்கு திரைலோபைற்று என்னும் பெருவகுப்பைச் சேர்ந்தது. திரைலோபைற்றுகள் நண்டு, இறால், தேள், பூரான் ஆகியவற்றைப் போன்று மூட்டுகள் பொருந்திய கால்களை உடையவை. ஆகவே கணுக்காலிகள் என்னும் கணத்தில் அடங்குபவை. ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன், கம்பிரியன் காலத்தின் முற்பகுதியில் அவை தோன்றின. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றாக அழிந்தன. கடலைவிட்டு அவை கரையேறி வாழவில்லை, ஆற்றுநீரிலும் குடிபுகவில்லை. இதுவரை இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. மனிதன் உயிரோடு கண்டிராத ஒரு விலங்கு வகுப்பிலே இத்துணை இனங்களைப் பிரித்தறிய முடிந்தமை வியப்புக்குரியதன்றோ?

தொடக்கத்தில் அவற்றை இன்ன விலங்கு என்று அறிவதே அரிதாயிருந்தது. 1698ஆம் ஆண்டில் வேல்சு நாட்டில் எட்வேட் லுவிட் என்பார் இத்தகைய கல்லொன்றைக் கண்டு, அது ஏதோ ஒரு தட்டைமீனின் எலும்புக்கூடு என்று எழுதினார். நடுவிலே ஒரு தண்டும் இருபுறமும் விலாவெலும்பு போன்ற வரிகளும் இருப்பதைக் கண்டவர் அவ்வாறு கருதியதிற் புதுமையில்லை. 1771ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் வால்க் என்பாரே திரைலோபைற்று என்னும் பெயரை வழங்கினார். மூன்று சோணைகளை உடையது என்பது அதன் பொருள். தலை, நெஞ்சு, வால் என்பவையே அம்மூன்று சோணைகள் எனச் சிலர் மயங்குவதுண்டு. தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் ஓடும் இரண்டு பள்ளங்கள் முதுகை நடுச்சோணை, வலச்சோணை, இடச்சோணை என மூன்றாகப் பகுக்கின்றன. பெயர் அதனால் வந்தது.

இத்தகைய விலங்கின் சுவடு நமது இலங்கையில் இல்லாதிருப்பதேன் என நேயர்கள் வினவக்கூடும். இந்நாட்டின் பெரும்பகுதி மிகப் பழைய பளிங்குருப் பாறைகளால் ஆனது. அப்பாறைகள் ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தே பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. முதல் திரைலோபைற்று கடலில் ஊர்ந்த நாளில், இன்று நாம் மிதிக்கும் இப்பாறைகள் ஒரு பெருமலைத் தொகுதியின் அடியிற் கிடந்தன. அங்கே கடற்சேறும் இல்லை. அச்சேற்றில் ஓடு புதைவதற்கு வழியும் இல்லை. அதன்பின் நம் வடமேற்குக் கரையிற் படிந்த பாறைகளோ மிகப் பிந்தியவை. தப்போவையில் உள்ளவை யுராசிக்குக் காலத்தவை. மன்னார் முதல் யாழ்ப்பாணம் வரை காணப்படும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. நான் வாழும் பேசாலையிலே 1970களில் சோவியத்து வல்லுநரின் உதவியுடன் எண்ணெய் தேடி ஆழ்துளைகள் இட்டனர். வாணிகத்துக்குத் தக்க எண்ணெய் கிட்டவில்லை. அத்துளைகள் ஊடுருவிய படிவுப் பாறைகளும் திரைலோபைற்றுகள் அழிந்து நெடுங்காலம் சென்றபின் தோன்றியவையே. ஆதலால் இங்கே எவ்வளவு தோண்டினும் திரைலோபைற்று அகப்படாது. பூமியின் வரலாற்றை ஒரு நூலாகக் கொண்டால், அந்நூலின் அவ்வேடுகள் நம்முடைய பிரதியிற் கிழிந்துபோயின எனலாம். அவற்றைப் படிப்பதற்கு அயலவர் பிரதியை நாடவேண்டும். அவ்வயலவருள் நமக்கு அண்மையிலுள்ளவை உப்பு மலைத்தொடரும் இமயமுமேயாம்.

இனி, உடலமைப்பை நோக்குவோம். திரைலோபைற்றின் முதுகைச் சுண்ணாம்புச் சத்தேறிய வலிய ஓடொன்று மூடியிருந்தது. அடிப்புறமும் கால்களும் மெல்லிய தோலாலானவை. ஆதலின் பாறையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதுகோடு மாத்திரமே. அவ்வோடு தலைக்கவசம், நெஞ்சு, வாற்கவசம் என முப்பகுதிப்படும்.

தலைக்கவசம் பல துண்டங்கள் ஒன்றாய்ப் பொருந்தியது. அதன் நடுவிலே புடைத்து நிற்பதை நடுமேடு என்போம். அதன் கீழேதான் இரைப்பை இருந்தது என்பர். நடுமேட்டின் இருபுறத்தும் கன்னங்கள் உள்ளன. கன்னத்தின் பின்மூலை நீண்டு முள்ளாகி, உடலின் இருபக்கமும் பின்னோக்கிச் செல்லும், இது கன்னமுள். கன்னத்தின்மேல் கண் அமைந்துள்ளது. ஈயின் கண்ணையும் இறாலின் கண்ணையும் போன்று இதுவும் பல சிறு கண்கள் கூடிய கூட்டுக்கண். ஆயினும் திரைலோபைற்றின் வில்லைகள் கல்சைற்று என்னும் சுண்ணாம்புக் கனியத்தால் ஆனவை. அவ்விலங்கு கல்லினூடாக உலகைக் கண்டது எனல் மிகையன்று. நாம் ஆராயும் கூட்டத்துக்கு நெருங்கிய உறவுடைய எஸ்தோனிய நாட்டுத் திரைலோபைற்று ஒன்றின் கண் சிறிது தேய்ந்து உள்ளமைப்பு வெளிப்பட்டிருந்தது. 2017ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்தோர், ஏறத்தாழ நூறு சிறுகண்கள் அதில் இருந்தன எனவும், அமைப்பில் அது இன்றைய பூச்சிகளின் கண்ணை ஒத்தது எனவும் கண்டனர்.

நெஞ்சு என்பது ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கிய வளையங்களின் தொடர். ஒவ்வொரு வளையமும் அடுத்ததனோடு அசையுமாறு பொருந்தியிருக்கும். பின்வந்த திரைலோபைற்றுகள் பல, தொட்டவுடன் சுருளும் மரவட்டையைப் போலத் தம்மைச் சுருட்டி வயிற்றைக் காத்துக்கொண்டன. வாற்கவசம் பல வளையங்கள் ஒன்றாய் உறைந்து தட்டாகியது. உடலின் கீழே தலையின் முன்புறம் ஓர் இணை உணர்கொம்புகளும், அதன்பின் வரிசையாகக் கால்களும் இருந்தன. ஒவ்வொரு காலும் இரு கிளையாய்ப் பிரியும். கீழ்க்கிளை நடப்பதற்கு உரியது. இறகு போன்ற மேற்கிளை மூச்சுவிடுதற்கு உதவியது. மென்மையான இவ்வுறுப்புகள் அரிதாகவே எஞ்சுகின்றன. 1890களில் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பீச்சர் என்பார் நியூயோர்க்குப் பகுதியில் இரும்புக் கந்தகக் கனியமாய் மாறிய திரைலோபைற்றுகளை ஆராய்ந்து, கால்களையும் உணர்கொம்புகளையும் தெளிவுற விளக்கினார்.

ஓட்டைப்பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். பேசாலைக் கடற்கரையில் நடப்போர் மணலிலே நண்டோடுகள் கிடப்பதைக் காண்பர். அவை யாவும் செத்த நண்டின் ஓடுகள் அல்ல. வளரும் நண்டு தன் ஓடு தனக்குச் சிறுத்தவுடன் அதனைக் கழற்றிவிட்டு வெளிவருகின்றது. வலையில் இடைக்கிடை அகப்படும் ஓடு மெத்தென்ற நண்டு அண்மையிலே கழற்றியதாகும். திரைலோபைற்றும் இவ்வாறே வளர்ந்தது. நண்டின் ஓடு பின்புறத்தே பிளந்து வழிவிடும். திரைலோபைற்றுகளிற் பெரும்பாலானவற்றுக்கோ தலைக்கவசத்திலேயே அதற்கென ஒரு பொருத்து இருந்தது. அது தலையின் முன்னோரத்தில் தொடங்கிக் கண்ணின் உட்புறத்தை ஒட்டிச் சென்று தலையின் விளிம்பிலே முடியும். இதனை முகப்பொருத்து என்போம். ஓடு கழற்றும்போது இப்பொருத்து விட்டுவிடும். பக்கக் கன்னங்கள் கழன்று விழும். அவ்விடைவெளியால் விலங்கு ஊர்ந்து வெளியேறும். ஆகவே பாறையில் நாம் காண்பவற்றுட் பல, விலங்கு உரித்தெறிந்த சட்டைகளே. ஒரே விலங்கு தன் வாழ்நாளிலே பல ஓடுகளை விட்டுச் சென்றிருக்கும். தலையின் நடுப்பகுதி ஓரிடத்திலும், கன்னம் வேறிடத்திலும், வால் மற்றோரிடத்திலுமாகக் கிடைக்கும். சிதறிய துண்டங்களைக்கொண்டு முழு விலங்கை உருவாக்கி, அதற்கு உறவுமுறையும் வகுப்பது எத்துணைக் கடினம் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

வகைப்பாடு என்பது யாது? நம் மாணவர் பாடநூலிற் காண்பதுபோல, நெருங்கிய இனங்களை ஒரு சாதியாகவும், சாதிகளைக் குடும்பமாகவும், குடும்பங்களை வருணமாகவும், வருணங்களை வகுப்பாகவும் கூட்டுவர். திரைலோபைற்று என்னும் வகுப்பை எவ்வாறு வருணங்களாய்ப் பிரிப்பது என்பதே வினா. 1897ஆம் ஆண்டில், மேலே கூறிய பீச்சர் முகப்பொருத்தின் போக்கையே அளவுகோலாகக் கொண்டார். பொருத்து கன்னமுள்ளுக்கு உட்புறமாகச் சென்று பின்விளிம்பில் முடிகின்றதா, முள்ளுக்கு முன்பாகப் பக்கவிளிம்பில் முடிகின்றதா, மேலிருந்து காண இயலாதவாறு உள்ளதா என அவர் மூன்றாய்ப் பகுத்தார். ஓடு கழற்றும் வழியைக்கொண்டு உறவை அறியும் அம்முறை அழகானது. ஆயினும் ஒரே குறியை மாத்திரம் நம்பியமையால் உறவில்லாதவை ஒன்றாய்ச் சேர்ந்தன. பின்னர் வந்தோர் நடுமேட்டின் வடிவு, கண்ணின் நீளம், வளையங்களின் தொகை, வாலின் அளவு, குஞ்சுப்பருவத்தின் தோற்றம் முதலியவற்றையும் சேர்த்து நோக்கினர். 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த பெருந்தொகுப்பொன்று திரைலோபைற்றுகளை ஏழு வருணங்களாகப் பிரித்தது. இன்று வருணங்களின் தொகை பத்தாகவும் அதற்கு மேலாகவும் எண்ணப்படுகின்றது.

அவ்வருணங்களுள் காலத்தால் முற்பட்டது றெட்லிக்கிடா என்பது. 1932ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் றிக்டர் என்பார் இவ்வருணத்தை அமைத்தார். இதன் இலக்கணங்களை ஒவ்வொன்றாகக் கூறுவேன். தலைக்கவசம் அரைவட்டமாய், உடலை நோக்கப் பெரிதாய் இருக்கும். கன்னமுட்கள் வலியனவாய் நீண்டிருக்கும். நடுமேடு நீண்டதாய், குறுக்கே பள்ளங்கள் விழுந்து, தலையும் ஆதியிலே வளையங்களால் ஆனதே என்பதை நினைவூட்டும். கண்கள் பிறைவடிவினவாய் நீண்டு, முன்முனையில் ஒரு வரம்பினால் நடுமேட்டோடு தொடுத்திருக்கும். நெஞ்சில் வளையங்கள் பல; ஒவ்வொரு வளையத்தின் இருமுனையும் முள்ளாய் முடியும். வாற்கவசமோ மிகச் சிறியது. சிலவற்றில் ஒரு பொட்டுப் போலவே தோன்றும். சுருண்டு மூடிக்கொள்ளும் பொறியமைப்பும் பின்வந்தவற்றில் உள்ளதுபோல முற்றவில்லை. பெருந்தலையும் சிறுவாலும் பல வளையங்களும் சேர்ந்த தோற்றத்தை ஒருமுறை படத்திற் கண்டவர் பிறகு மறக்கமாட்டார்.

இவ்வருணம் இரு கிளையாகப் பிரியும். ஒலெனெல்லினா என்னும் கிளையில் முதுகுப்புறத்து முகப்பொருத்தே இல்லை. இவையே மிகப் பழையவை. பொருத்தினைப் பெறுமுன் இருந்த நிலையைக் காட்டுபவை என்பர். றெட்லிக்கீனா என்னும் மறுகிளையில் முகப்பொருத்து உண்டு. கன்னமுள்ளுக்கு உட்புறமாகப் பின்விளிம்பை அறுத்துச் செல்லும். றெட்லிக்கியா என்னும் சாதியிலே அப்பொருத்து கண்ணின் முன்னே பக்கவாட்டில் அகலமாக விரிந்து ஓடுகின்றது. அவ்விரிவின் கோணத்தைக்கொண்டே இனங்களைப் பிரித்தறிகின்றனர். இவ்வருணத்துள் வேறுபாடுகளும் பெரிது. பரடொக்சிடெசு என்னும் சாதியில் ஒரு சாணை மிஞ்சிய பேருருவங்கள் உண்டு. அவுஸ்திரேலியாவிற் கிடைத்த பல்கொரகானியா என்னும் சிறு திரைலோபைற்றோ நெஞ்சில் 103 வளையங்கள் வரை உடையது. இதனை விஞ்சிய திரைலோபைற்று வேறில்லை.

றெட்லிக்கிடா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இங்கே நாம் உப்பு மலைக்கு மீளுகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வகத்தின் அலுவலர் அம்மலையின் படிவுகளை ஆராய்ந்தனர். அவருள் ஒருவர் பிரிற்சு நூற்லிங். கீழ்ப்பகுதி உப்பு மலைத்தொடரின் கம்பிரியன் படிவுகளைப்பற்றி அவர் 1894இல் எழுதினார். ஆங்கே திரட்டிய உயிர்ச்சுவடுகளை ஒஸ்திரியப் புவியியலறிஞர் காள் றெட்லிக் ஆராய்ந்து 1899இல், அவ்வாய்வகத்தின் உயிர்ச்சுவட்டு நூல்வரிசையிலே விவரித்தார். ஊதாநிற மணற்கல்லுக்கு மேலுள்ள படிவுகளிற் கிடைத்த ஒரு திரைலோபைற்றுக்கு அவர் கோபெரியா நூற்லிங்கி எனப் பெயரிட்டார். ஆயினும் அச்சாதிப்பெயர் முன்பே வேறோர் உயிர்க்கு வழங்கப்பட்டிருந்தது. ஒரு பெயரை இரண்டு விலங்குச் சாதிகள் சுமத்தல் ஆகாது என்பது விதி. ஆதலால் 1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கொசுமன், விவரித்தவரைச் சிறப்பித்து றெட்லிக்கியா எனப் புதுப்பெயர் சூட்டினார். இவ்வாறு, திரட்டியவர் பெயர் இனத்துக்கும், விவரித்தவர் பெயர் சாதிக்கும் அமைந்தன. அச்சாதியை அடியாகக்கொண்டு குடும்பமும், பின்னர் வருணமும் பெயர்பெற்றன. உலகில் எந்த நாட்டவர் றெட்லிக்கிடா என்று கூறினும், இலக்கணச் சான்றாக நிற்பது இந்துப்பு மலையின் அச்சிறு ஓடே ஆகும்.

வெறும் பெயரிடுதலால் யாது பயன் எனச் சிலர் கேட்பர். இரண்டு பயன்களைச் சொல்வேன். முதலாவது, காலத்தை அறிதல். இந்துப்பின் வயது பற்றி நெடுங்காலம் ஒரு வழக்கு நடைபெற்றது. மன்னார் உப்பளங்களில் கடல்நீர் வெயிலில் வற்றி உப்பாவதைப் போன்றே, அம்மலையின் உப்பும் ஆதியில் ஒரு கடல் வற்றியதனால் உண்டாயது. ஆனால் அக்கடல் எக்காலத்தது? உப்பு அடியில் இருக்கின்றது. அதன்மேல் ஊதா மணற்கல். அதற்குமேல் றெட்லிக்கியா கிடக்கும் படிவுகள். அடுக்கு இயற்கையானதாயின் உப்பு கம்பிரியன் திரைலோபைற்றினும் மூத்தது. அதாவது 51 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. மற்றொரு சாரார் இதனை மறுத்தனர். உப்பு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய இயோசீன் காலத்தது, மூத்த பாறைகள் நில அசைவினால் இளைய உப்பின்மேல் தள்ளப்பட்டன என்று அவர் வாதித்தனர். 1940களில் புகழ்பெற்ற தாவர உயிர்ச்சுவட்டறிஞர் பீர்பால் சாகனி உப்பிலும் அதனோடு சேர்ந்த பாறைகளிலும் நுண்ணிய மரத்துணுக்குகளையும் பூச்சித் துணுக்குகளையும் கண்டு, இயோசீன் கட்சிக்குப் பெருவலிமை சேர்த்தார். கம்பிரியன் காலத்தில் மரமும் இல்லை, பூச்சியும் இல்லை என்பது அவர் வாதத்தின் உயிர்நிலை. உப்பு நீரிற் கரைந்து மீண்டும் உறையும் தன்மையது, பிற்காலத் துணுக்குகள் அதனுள் புகுந்திருக்கலாம் என்று எதிர்க்கட்சியார் விடையிறுத்தனர். மலையில் நிகழ்ந்த நுணுக்கமான நில அளவையும், பிற்காலத்தில் பஞ்சாப் சமவெளியில் இட்ட ஆழ்துளையும் வழக்கைத் தீர்த்தன. மலையின் மடிப்புக்கு அப்பாலும், கம்பிரியன் படிவுகளின் கீழேயே உப்புக் காணப்பட்டது. இந்துப்பு திரைலோபைற்றினும் மூத்தது என்பதே இன்று நிலைபெற்ற முடிபு. அத்தீர்ப்பில் திரைலோபைற்று ஆற்றிய பணியை மறத்தலாகாது. மேலுள்ள படிவு கம்பிரியன் காலத்தது என்னும் உறுதி இல்லையேல், வழக்கைத் தொடங்குவதற்கே அடிப்படை இராது. அவ்வுறுதியைத் தந்தது, உரித்தெறிந்த ஓர் ஓட்டை இன்ன சாதி என்று அடையாளங் கண்ட வகைப்பாடு.

இரண்டாவது பயன், பண்டைய நிலப்பரப்பை அறிதல். றெட்லிக்கியாவின் ஓடுகள் உப்பு மலையில் மாத்திரமன்றி, இமயத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும், சீனத்திலும், கொரியாவிலும், அவுஸ்திரேலியாவிலும் கிடைக்கின்றன. ஒலெனெல்லசு என்னும் உறவினமோ வட அமெரிக்காவிலும் ஸ்கொத்துலாந்தின் வடமேற்கிலும் கிடைக்கின்றது. ஸ்கொத்துலாந்தின் திரைலோபைற்றுகள் அண்டையிலுள்ள வேல்சின் திரைலோபைற்றுகளை ஒவ்வாது, கடல்கடந்த அமெரிக்கத் திரைலோபைற்றுகளை ஒத்திருப்பது ஏன்? இன்று ஒரு தீவாயுள்ள அந்நிலங்களுக்கிடையே அக்காலத்தில் ஒரு பெருங்கடல் கிடந்தது என்பதே விடை. அவ்வாறே றெட்லிக்கியா வாழ்ந்த நாடுகள் கொண்டுவானா என்னும் பெருங்கண்டத்தையும் அதனை அடுத்த கடல்களையும் சுற்றி அமைந்திருந்தன. இலங்கையும் அப்பெருங்கண்டத்தின் உள்ளே இருந்தது. நம் மண்ணில் அச்சுவடு இல்லாவிடினும், நம் நாடு அந்நாளில் எந்நாடுகளை அடுத்திருந்தது என்பதை உணர அச்சுவடு துணைசெய்கின்றது.

ஆயினும், ஒருமுறை வகுத்த வகைப்பாடு என்றைக்கும் மாறாதது என நேயர்கள் எண்ணிவிடலாகாது. காசுமீரத்திலே கிடைத்த கம்பிரியன் திரைலோபைற்றுகளை 1934ஆம் ஆண்டில் கௌப்பர் றீட் என்னும் ஆங்கில அறிஞர் விவரித்துப் பல இனங்களாகப் பிரித்தார். இமயம் எழுந்தபோது அப்பாறைகள் நெரிந்து இழுபட்டன. அவற்றோடு ஓடுகளும் நீண்டும் அகன்றும் கோணியும் போயின. ஒரே இனத்தின் ஓடு ஒரு கல்லில் ஒடுங்கியதாகவும், மற்றொரு கல்லில் அகன்றதாகவும் தோன்றும். 1992ஆம் ஆண்டில் கியூசு, செல் என்னும் இரு அறிஞர் கணினியின் துணையால் அந்நெரிவை அளந்து நீக்கிப் பார்த்தனர். வெவ்வேறு இனம் எனக் கருதப்பட்டவை பல, ஒன்றே பலவாறு நெரிந்தவை என்பது தெளிவாயிற்று. மலை செய்த மாற்றத்தை விலங்கு செய்த மாற்றமாகக் கொள்ளலாகாது என்பதே அவ்வாராய்ச்சி தந்த பாடம்.

றெட்லிக்கிடா என்னும் வருணத்தின்மேலும் இன்று ஐயம் உண்டு. ஓர் உவமையால் விளக்குவேன். ஒரு பாட்டனுக்குப் பிள்ளைகள் பலர். சிலர் பழைய வீட்டிலேயே தங்கினர். சிலர் வெளியூர் சென்று புதுவீடு கட்டிப் புதிய வீட்டுப்பெயரும் பூண்டனர். பாட்டனையும் பழைய வீட்டில் இருப்போரையும் மாத்திரம் எண்ணி, அவர்களே குடும்பம் என்று எழுதினால், அப்பட்டியல் குருதியுறவைக் காட்டுமா? வீட்டையே காட்டும். றெட்லிக்கிடா என்பதும் இத்தகைய பழைய வீடு. பிற்கால வருணங்கள் பல இதன் கிளைகளிலிருந்தே தோன்றியிருத்தல் வேண்டும் என்பர். அவற்றைப் புறத்தே வைத்து, ஆதிச்சாயல் மாறாதவற்றை மாத்திரம் ஒன்றாகக் கூட்டிய தொகுதியே இது. ஆகவே அறிஞர் இப்பெயரை வசதி கருதி வழங்கினும், இயற்கையான ஒரு முழுக்கிளை எனக் கொள்வதில்லை. நீண்ட கண்ணும் சிறிய வாலும் பாட்டன் சொத்து. அவற்றை இரு பேரர் காத்துவைத்திருத்தலால் மாத்திரம் அவ்விருவரும் ஏனையோரினும் நெருங்கியவர் ஆகிவிடார். புதிதாகப் பெற்ற குறியே நெருங்கிய உறவைக் காட்டும் என்பது இக்கால வகைப்பாட்டின் அடிப்படை விதி.

இக்கூட்டத்தின் வாழ்வு நீடிக்கவில்லை. ஏறத்தாழ 51 கோடி ஆண்டுகளுக்கு முன் றெட்லிக்கியாவின் சுற்றத்தாரும் ஒலெனெல்லசின் சுற்றத்தாரும் பேரழிவுக்குள்ளாயினர். கடல்நீரில் பிராணவாயு குன்றியமை அதற்குக் காரணமாகலாம். வட அவுஸ்திரேலியாவில் அக்காலத்தை ஒட்டிப் பொங்கிப் பரந்த எரிமலைக் குழம்பு அக்கேட்டைத் தொடக்கியிருக்கலாம் என்பாரும் உளர். எஞ்சிய பரடொக்சிடெசு முதலியவையும் நடுக் கம்பிரியன் காலம் கழிவதோடு மறைந்தன. ஆயினும் அவற்றைப்பற்றிய நம் அறிவு மறையவில்லை, வளர்ந்துகொண்டே வருகின்றது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில், உணர்கொம்பும் காலும் அழியாத உறவினங்கள் கிடைத்துள்ளன. அவுஸ்திரேலியாவின் கங்காருத் தீவிலே கிடைத்த றெட்லிக்கியா றெக்சு என்னும் இனம் 2019ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் வரை வளர்ந்த அவ்விலங்கின் கால்களில் வலிய முட்கள் இருந்தன. அவற்றால் அது பிற விலங்குகளின் ஓடுகளை நொறுக்கித் தின்றது என்பர். கொத்துண்டு ஆறிய வடுக்கள் உடைய ஓடுகளும் அங்கே உள்ளன. சேற்றில் அமைதியாக ஊர்ந்து திரிந்தவை என்று எண்ணியிருந்த விலங்குகளிடையே வேட்டையும் வெருட்சியும் அந்நாளிலேயே தொடங்கிவிட்டன என்பதை அவை அறிவிக்கின்றன.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். இவற்றையெல்லாம் கற்பதற்கு நம்மிடம் திரைலோபைற்று இல்லையே என ஏங்கவேண்டியதில்லை. கரையில் ஒதுங்கிய நண்டோடு ஒன்றும், சந்தையில் வாங்கிய இறால் ஒன்றும் போதும். தலை எங்கே முடிகின்றது, வளையங்கள் எத்தனை, கண் எங்கே பொருந்தியது, கால் எத்தனை கிளையாய்ப் பிரிகின்றது, ஓடு எவ்விடத்திற் பிளந்தது என்று எண்ணி எழுதுக. நண்டையும் இறாலையும் ஒரு கணத்தில் சேர்ப்பதற்கும், இரு வேறு குடும்பமாகப் பிரிப்பதற்கும் எக்குறிகள் காரணம் என்று வினவுக. எக்குறி பாட்டன் சொத்து, எக்குறி பேரன் தேட்டம் என்று ஆராய்க. றெட்லிக்கும் பீச்சரும் கல்லிலே செய்த வேலையும் இதுவே. அடுத்தமுறை மருந்துக் கடையில் இந்துப்பு வாங்குவோர், அக்கட்டியின்மேல் ஒருகாலத்தில் ஒரு புதிய கடல் பரந்தது என்பதையும், அக்கடலின் சேற்றிலே ஒரு சிறு விலங்கு தன் பழைய சட்டையைக் கழற்றிவைத்துச் சென்றது என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக.